பணக் கணக்கு ஏன் பைசாவில் உதைக்கிறது? நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பில்லிங், கடன் தவணை, சம்பளப் பட்டியல், வாலட் என்று பணத்தைத் தொடும் நிரல் எதையாவது எழுதுபவர்களுக்கானது இது. "எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் மாதக் கடைசியில் சில பைசா டேலி ஆகவில்லை" என்று கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்திருந்தால், காரணம் பெரும்பாலும் கீழே இருக்கும் கேள்விகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறதே, கணினிக்குக் கூட்டத் தெரியாதா?

கூட்டலில் குறையில்லை. கூட்டுவதற்குக் கொடுத்த எண்களே நீங்கள் நினைத்த எண்கள் அல்ல. டபுள் என்ற வகை, 1985-இல் வந்த ஐ ட்ரிபிள் ஈ 754 தரப்படி, எண்ணை 53 இரும இலக்கங்களுக்குள் அடக்குகிறது. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் பின்னங்கள்தான் இருமத்தில் முழுதாக அடங்கும். நம் பழைய கணக்கில் சொன்னால் அரை, கால், அரைக்கால், வீசம் நான்கும் அடங்கும். இருபதில் ஒன்றான மா அடங்காது. பத்தில் ஒன்றும் நூறில் ஒன்றும் அப்படித்தான். 0.1 என்று நீங்கள் எழுதியது உள்ளே 0.1000000000000000055511151231257827021181583404541015625 என்று உட்கார்ந்திருக்கிறது.

1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா. அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒன்று என்பதால் டபுளில் பிசிறில்லாமல் அடங்கியிருக்கும். ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆன பிறகு .00, .25, .50, .75 ஆகிய நான்கு மட்டுமே துல்லியம். மீதி 96 பைசா மதிப்புகளும் தோராயம்தான்.

பிழை பதினாறாவது இலக்கத்தில்தானே இருக்கிறது? பில்லில் இரண்டு இலக்கம்தானே அச்சடிக்கிறோம், என்ன நஷ்டம்?

பெரும்பாலான நேரம் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்தப் பிழை வருடக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. வெளியே வருவது சில குறிப்பிட்ட இடங்களில்.

ஒப்பிடும்போது வரும். 0.3-இலிருந்து 0.1-ஐயும் 0.2-ஐயும் கழித்தால் பூஜ்யம் வருவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே ஒரு துளி எண் வருகிறது. வாடிக்கையாளர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ஆனால் "பாக்கி பூஜ்யமா?" என்று நிரல் கேட்டால் "இல்லை" என்கிறது. திரையில் -0.00 என்று தெரிகிறது. கணக்கை மூட முடிவதில்லை.

முழு எண்ணாக வெட்டும்போது வரும். 19.99-ஐ நூறால் பெருக்கினால் 1998.9999999999998. அதை அப்படியே முழு எண்ணாக மாற்றினால் 1998 பைசா. ஒரு பைசா போய்விட்டது. பேமென்ட் கேட்வேக்குப் பைசாவாக மாற்றி அனுப்பும் இடத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

ரவுண்டிங்கின் விளிம்பிலும் வரும். 1.005-ஐ இரண்டு இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் 1.01 என்று எதிர்பார்ப்பீர்கள். டபுளில் அது 1.00499999999999989... என்று இருப்பதால் ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்டு 1.00 என்று தருகிறது.

இவையெல்லாம் டபுளில். டபுளில் பாதி இடம் மட்டும் எடுக்கும் 32 பிட் ஃப்ளோட் இன்னும் மோசம். 1,31,072 ரூபாயைத் தாண்டினால் ஃப்ளோட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 0.015625 இடைவெளி. அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய் பில்லில் ஒவ்வொரு பைசாவையும் தனித்தனியாகக் காட்டவே அதற்கு வழியில்லை. பணத்துக்கு ஃப்ளோட் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் பைசாவை முழு எண்ணாக வைப்பதா, எண்ணை இருமத்தில் இல்லாமல் பத்தின் அடிப்படையிலேயே வைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்துவதா?

இரண்டுமே சரி. கையில் இருக்கும் மொழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜாவாவில் பிக்டெசிமல், பைத்தானில் டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல் என்று நல்ல வகைகள் இருக்கின்றன. சதவீதம், வட்டி, எடை என்று பல பின்னங்கள் கலக்கும் கணக்குக்கு அவைதான் வசதி. ஜாவாஸ்கிரிப்டில் உள்ளமைந்த டெசிமல் இல்லை. அங்கே பைசாவை முழு எண்ணாக வைப்பது எளிது. அதன் பாதுகாப்பான எல்லை 9007199254740991. பைசாவாகப் பார்த்தால் சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். கடைக் கணக்குக்குத் தாராளம். 32 பிட் முழு எண்ணில் மட்டும் பைசாவை வைக்காதீர்கள்: 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு இடம் தீர்ந்துவிடும். ஒரு வீட்டின் விலையே இரண்டு கோடியைத் தாண்டும் ஊர்கள் இருக்கின்றன.

முழு எண் முறையில் ஒரு குறை உண்டு. ஒரு மாறியில் 5000 என்று இருந்தால் அது ஐம்பது ரூபாயா, ஐயாயிரம் ரூபாயா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே மாறியின் பெயரிலேயே பைசா என்று இருக்கட்டும். இன்னும் நல்லது, தொகையையும் நாணயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் 'பணம்' என்ற தனி வகையை எழுதிக்கொள்வது.

பிக்டெசிமல் போட்டும் தப்பாக வருகிறதே?

எண்ணை டபுள் வழியாக உள்ளே கொண்டுவந்திருப்பீர்கள். பிக்டெசிமலை உருவாக்கும்போது 0.1 என்று மேற்கோள்குறி இல்லாமல் கொடுத்தால், மேலே பார்த்த அந்த நீள எண் அப்படியே உள்ளே வரும். மேற்கோள்குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுங்கள். பைத்தானிலும் இதே கதைதான்.

ஜாவாவில் இன்னும் இரண்டு விஷயம். ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் 2.0-உம் 2.00-உம் வேறு வேறு என்று சொல்லும், கம்பேர்டூ பயன்படுத்துங்கள். நூறை மூன்றால் வகுக்கும்போது எத்தனை இலக்கம், எந்த ரவுண்டிங் என்று சொல்லாவிட்டால் நிரல் பிழை வீசி நின்றுவிடும். இதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு இது பிடித்த குணம். வகுத்தல் நடக்கும் இடத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும் என்று அது நம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது?

எந்த வகையில் சேமிப்பது என்பது அரை நாள் வேலை. மெனக்கெட வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் பல குழுக்கள் இதைப் பேசிக்கொள்வதே இல்லை.

சேமிப்புக் கணக்கு வட்டியைப் பாருங்கள். இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் அன்றாட இருப்பின் மேல் வட்டி கணக்கிடுகின்றன. 10,000 ரூபாய் இருப்பு, ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வட்டி 0.684931... ரூபாய். தினமும் அதை 68 பைசாவாக்கிக் கூட்டினால் வருடத்துக்கு 248.20. ரவுண்ட் செய்யாமல் சேர்த்துவைத்துக் கடைசியில் செய்தால் 250.00. ஒரு கணக்குக்கு 1.80 ரூபாய் வித்தியாசம். இங்கே டபுளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எவ்வளவு உயர்ந்த டெசிமல் வகையைப் போட்டாலும் இந்த வித்தியாசம் வரும். லட்சம் பேரின் கணக்கில் இப்படி எழுதினால் அது அவர்களுடைய பணம்.

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் இது பெரிய அளவில் நடந்தது. 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை திருத்திக் கணக்கிடும்போதும் மூன்றாவது தசமத்துக்குப் பிறகு இருப்பதை வெட்டி எறிந்தார்கள். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் இப்படி வெட்டி வெட்டி, 1983 நவம்பரில் குறியீடு 524.811-க்கு வந்து நின்றது. முறையாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது வந்த எண் 1098.892. ஏறியிருந்த சந்தையை இருபத்திரண்டு மாதத்தில் பாதியாக இறங்கியதாகக் காட்டியிருந்தது நிரல்.

நகைக்கடை பில்லும் நல்ல உதாரணம். 7.845 கிராம் நகைக்கு 9 சதவீதம் சேதாரம் என்றால் 0.70605 கிராம். தராசு மூன்று இலக்கம்தான் காட்டுகிறது என்று நிரலும் 0.706-ஓடு நிறுத்தினால், கிராம் 9,000 ரூபாய் என்ற விலையில் 45 பைசா போகிறது. எடையை எத்தனை இலக்கத்தில் நிறுத்துவது என்பது கடையின் வழக்கம். அதைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும், நிரலாளர் ஊகித்து எழுதக் கூடாது.

என் நடைமுறை இது: கணக்கின் நடுவில் இலக்கங்களைத் தாராளமாக வைத்திருப்பது, தொகை ஒரு மனிதர் கண்ணுக்கோ பேரேட்டுக்கோ போகும் இடத்தில் மட்டும் ரவுண்ட் செய்வது, செய்த பிறகு அந்த ரவுண்ட் ஆன எண்ணையே அடுத்த கணக்குக்கு எடுத்துக்கொள்வது. பில்லில் 8.96 என்று அச்சடித்துவிட்டு உள்ளே 8.955-ஐக் கூட்டினால், பில்லைக் கையில் வைத்துக் கூட்டிப் பார்ப்பவருக்கு மொத்தம் உதைக்கும்.

ஜிஎஸ்டி பில்லில் ஒரு பைசா ஏறுகிறது அல்லது இறங்குகிறது. ஏன்?

மூன்று விதத்தில் வரலாம்.

முதலாவது, வரியைப் பிரிப்பது. 99.50 ரூபாய் பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் ஒரே வரியாக 18 சதவீதம், 17.91. அதையே தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய வரி 9, மாநில வரி 9. தலா 8.955, ரவுண்ட் செய்தால் தலா 8.96, மொத்தம் 17.92. சென்னை வாடிக்கையாளருக்கு 17.92, பெங்களூரு வாடிக்கையாளருக்கு 17.91. இரண்டு பில்லும் சரிதான். 18-க்குக் கணக்கிட்டுப் பாதியாக்கப் போனால் 17.91-ஐப் பைசாவில் சரிபாதியாக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, வரிசைக்கு வரிசை ரவுண்ட் செய்வதும் மொத்தத்துக்கு ரவுண்ட் செய்வதும் ஒன்றாகாது. 10.30 ரூபாய் பொருள் மூன்று வரிசையாக வருகிறது, மத்திய வரி 2.5 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் 0.2575, அதாவது 26 பைசா, மூன்றுக்கும் 78. மொத்தம் 30.90-க்குப் போட்டால் 0.7725, அதாவது 77 பைசா. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் பில், ரிட்டர்ன், கணக்குப் புத்தகம் மூன்றிலும் அதே முறை இருக்க வேண்டும். பில்லிங் மென்பொருள் ஒரு முறையிலும் கணக்கு மென்பொருள் இன்னொரு முறையிலும் போட்டால் மாதாமாதம் யாராவது ஒருவர் உட்கார்ந்து பைசா தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் அதிகம் தொல்லை தருவது: வரி உள்ளடங்கிய விலை. பாக்கெட்டில் 100 ரூபாய் என்று இருக்கிறது, வரி 18 சதவீதம். 100-ஐ 1.18-ஆல் வகுத்தால் 84.7457..., ரவுண்ட் செய்தால் 84.75. அதற்கு 9 சதவீதம் 7.6275, அதாவது 7.63. கூட்டிப் பாருங்கள்: 84.75 + 7.63 + 7.63 = 100.01. நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் ஒரு பைசா பில்! அடிப்படை விலையிலிருந்து தொடங்காமல் வரியிலிருந்து தொடங்குங்கள். 100 × 9 ÷ 118 = 7.627..., அதாவது 7.63. இரண்டு வரியையும் நூறிலிருந்து கழித்தால் 84.74. இப்போது கூட்டுத்தொகை 100.00. வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை மாறக் கூடாது என்றால் அதை நிலையாக வைத்துக்கொண்டு, மிச்சமாக வருவதை அடிப்படை விலையாக்குவதுதான் வழி.

சரி, எந்த ரவுண்டிங் முறை? பைத்தானில் 12.5 ஏன் 12 ஆகிறது?

பைத்தான் 3-இன் ரவுண்ட், சி ஷார்ப்பின் மேத் ரவுண்ட் இரண்டும் சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 12.5 ஆனால் 12, 13.5 ஆனால் 14. வங்கியாளர் ரவுண்டிங் என்பார்கள். நிறைய எண்களைக் கூட்டும்போது ஒரே பக்கம் சாயாமல் இருக்க அது நல்ல முறை.

ஆனால் சட்டம் வேறு சொன்னால் சட்டம் சொல்வதுதான். மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 170-இன்படி, செலுத்த வேண்டிய வரி, வட்டி, அபராதம், திரும்பப் பெறும் தொகை எல்லாம் அருகிலுள்ள ரூபாய்க்கு வர வேண்டும்: ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்கு, குறைந்தால் விட்டுவிடு. ஆகவே 1,012.50 ரூபாய் வரி 1,013 ஆக வேண்டும். பைத்தானின் ரவுண்ட் 1,012 என்கிறது. டெசிமல் வகையின் குவான்டைஸ் செயல்கூறில், பாதியை மேலே தள்ளும் ஹாஃப் அப் முறை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வருமான வரிச் சட்டமோ மொத்த வருமானத்தைப் பத்தின் மடங்குக்குக் கொண்டுவரச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ரவுண்டிங் செயல்கூறு என்று எழுதினால் இங்கே இடிக்கும்.

எதிர்மறைத் தொகையையும் கவனியுங்கள். கிரெடிட் நோட் போடும்போது ஜாவாஸ்கிரிப்டின் மேத் ரவுண்டும் ஜாவாவின் மேத் ரவுண்டும் -1012.5-ஐ -1012 ஆக்கும். அசல் பில் 1,013, திருப்பியது 1,012. முழுதாக ரத்து செய்த பில்லில் ஒரு ரூபாய் தொங்கும். ஜாவா, பைத்தான் டெசிமல் வகைகளின் ஹாஃப் அப் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்து -1013 தரும்.

தள்ளுபடியைப் பொருள்களுக்குப் பிரிக்கும்போது மொத்தம் சேரவில்லையே?

மூன்று சட்டைக்கும் சேர்த்து 50 ரூபாய் தள்ளுபடி. தலா 16.666..., ரவுண்ட் செய்தால் 16.67, மூன்றுக்கும் 50.01. தனித்தனியாக ரவுண்ட் செய்யாதீர்கள். முதலில் கீழ்ப்பக்கம் வெட்டுங்கள்: 5000 பைசாவில் தலா 1666, மொத்தம் 4998. மிச்சம் 2 பைசா. வெட்டிய துண்டு யாருக்குப் பெரிதோ அவர்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு பைசாவாகக் கொடுங்கள். சமமாக இருந்தால் பட்டியல் வரிசைப்படி. 16.67, 16.67, 16.66. கூட்டுத்தொகை எப்போதும் சேரும். எந்தச் சட்டைக்கு எவ்வளவு என்பதைச் சேமித்தும் வையுங்கள். மூன்றில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவரும்போது மறுபடி கணக்கிடாமல் சேமித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இஎம்ஐ சூத்திரத்தில் அடுக்கு வருகிறது. அங்கேயும் டபுள் கூடாதா?

அங்கே டபுள் பரவாயில்லை. லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம், 12 மாதம் என்றால் 8,884.8789... வரும். பைசாவுக்கோ ரூபாய்க்கோ கொண்டுவரும்போது பதினாறாவது இலக்கப் பிழை இங்கே ஒன்றும் செய்யாது. தவணை இவ்வளவு என்று முடிவான பிறகு டபுளை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாதாமாதம் வட்டி, அசல், மீதி எல்லாம் டெசிமலிலோ பைசாவிலோ ஓடட்டும். தவணையை 8,885 என்று வைத்தால் கடைசித் தவணை சுமார் ஒன்றரை ரூபாய் குறைவாக வரும். அதை மறைக்காமல் அட்டவணையில் அப்படியே காட்டுவதுதான் கடன் வாங்கியவருக்கு நியாயம்.

தரவுத்தளத்தில் என்ன வகை?

போஸ்ட்கிரெஸில் நியூமெரிக், மைஎஸ்க்யூஎல்லில் டெசிமல். 14 இலக்கம், அதில் 2 தசமம் என்பது போல அளவு கொடுங்கள். அளவுக்கு மேல் தசமம் வந்தால் இரண்டுமே சத்தமில்லாமல் ரவுண்ட் செய்துகொள்ளும், ஆகவே உள்ளே போவதற்கு முன்பே நீங்கள் செய்துவிடுங்கள். எஸ்க்யூலைட்டில் டெசிமல் என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளே டபுளாகத்தான் வைக்கும். மொபைல் செயலி எழுதுபவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். அங்கே பைசாவாக முழு எண்ணில் வையுங்கள்.

ஏபிஐ வழியாக இன்னொரு நிரலுக்கு அனுப்பும்போது?

ஜேசான் வடிவத்தில் 19.99 என்று எண்ணாக அனுப்பினால், மறுபக்கம் பெரும்பாலும் டபுளாகத்தான் படிக்கும். எழுத்துச் சரமாக அனுப்புங்கள், அல்லது பைசாவாக முழு எண்ணில் அனுப்புங்கள். ரேஸர்பே, ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் கேட்வேக்கள் நாணயத்தின் மிகச் சிறிய அலகில்தான் தொகையைக் கேட்கின்றன. 500 ரூபாய்க்கு 50000.

எல்லா நாணயத்துக்கும் நூறால் பெருக்கினால் போதுமா?

போதாது. இந்திய ரூபாய், இலங்கை ரூபாய், சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட் எல்லாவற்றுக்கும் இரண்டு தசமம். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை. குவைத் தினார், பஹ்ரைன் தினார், ஓமான் ரியால் மூன்றுக்கும் மூன்று தசமம். ஒரு குவைத் தினார் ஆயிரம் ஃபில்ஸ். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியில் நூறு என்று நேரடியாக எழுதிவைத்தால், வேலை பார்த்துச் சம்பாதித்தவரின் தொகை பத்து மடங்கு தப்பாகப் போகும். ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை தசமம் என்று இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள்.

எக்செல்லில் போட்டால் சரியாக வருகிறதே?

எக்செல்லும் டபுள்தான், 15 இலக்கத்துக்கு மேல் காட்டாமல் விடுகிறது. 0.5 - 0.4 - 0.1 என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒன்றால் பெருக்கிப் பாருங்கள், பூஜ்யம் வராது. ஆகவே உங்கள் நிரலைச் சோதிக்க எக்செல்லை அளவுகோலாக வைக்காதீர்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணக்கு டபுளில் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

பழைய நிரலைத் தொடாமல், பக்கத்தில் டெசிமலில் ஒரு புது நெடுவரிசை சேர்த்து, பழைய மதிப்பை இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து நிரப்புங்கள். அப்புறம் ஒவ்வொரு பில்லிலும் வரிசைகளின் கூட்டுத்தொகை பில்லின் மொத்தத்தோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேராதவற்றைத் தனிப் பட்டியலாக எடுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில்லில் அச்சான தொகைதான் இறுதி. நிரல் இப்போது வேறு சொல்கிறது என்று அதை மாற்றக் கூடாது. வித்தியாசத்தை 'ரவுண்ட் ஆஃப்' என்ற தனிக் கணக்கில் தேதி போட்டுப் பதிவு செய்யச் சொல்லிக் கணக்காளரிடம் பட்டியலைக் கொடுங்கள். புதுப் பதிவுகள் இரண்டு நெடுவரிசையிலும் ஒரு முழு மாதம் ஓடி, அந்த மாதக் கணக்கு முடிப்பு டேலி ஆன பிறகு பழையதை நீக்கலாம்.